கேட்க வேண்டியவர்கள்

நஞ்சன் என்னிடம் வந்தபோது அவருக்கு எந்தக் குறையும் இல்லை. அப்படித்தான் சொன்னார். தூக்கம் வருகிறதா என்றால் வருதுங்க. பசிக்கிறதா என்றால் பசிக்குதுங்க. செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா என்று கேட்டதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, "உங்களுக்கு எது தோதோ அதையே எழுதிக்குங்க" என்றார். பதினோரு வருடத்தில் இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை. தற்கொலை அபாயம் உண்டு என்று எழுதிக்கொண்டேன்.

நான் மனநல ஆலோசகர். பெயர் லோகப்பிரியா. சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம், வேலை கோயம்புத்தூரில் ஒரு அறக்கட்டளையில். புதன்கிழமைதோறும் கரீம் ஓட்டும் வேனில் காரமடை தாண்டி மலையடிவாரத்துப் பதிகளுக்குப் போவோம். இருளர்கள் குடியிருக்கும் ஊர்களை அங்கே பதி என்பார்கள். மருந்து எழுதிக் கொடுக்க டாக்டர் திருமலைசாமி மாதம் ஒருமுறை வருவார், மற்ற வாரங்களில் நான் மட்டும்தான். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், டாக்டரம்மா என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

நஞ்சனுக்கு முப்பத்துநாலு வயது. இலந்தைப்பதிக்காரர். காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலர். ஜனவரியில் ஒரு காலை ரோந்து போனபோது அவரும் அவர் மனைவியின் தம்பி வெள்ளிங்கிரியும் யானைக்கு எதிரே மாட்டிக்கொண்டார்கள். நஞ்சன் திரும்பி வந்தார், வெள்ளிங்கிரி வரவில்லை. அதற்குப் பிறகு நஞ்சன் காட்டுக்குள் கால் வைக்கவில்லை. காலையில் எழுந்தால் பதிக்கு வெளியே ஓடைப் பாலத்துக் கட்டையில் போய் உட்கார்ந்துகொள்வார். மனநலம் சரியாக இருக்கிறது என்று சான்று வாங்கி வந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லி அதிகாரிகள் அவரை எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

என்ன நடந்தது என்று கேட்டேன். "ரெண்டு பேரும் ஓடுனமுங்க. எனக்கு வழி கெடச்சுது. அவனுக்குக் கெடைக்கலீங்க" என்றார். அவ்வளவுதான். போலீஸ் அறிக்கையிலும் இதே மூன்று வாக்கியம். டிவிக்காரர்களிடம் பேசிய வீடியோவிலும் இதே மூன்று வாக்கியம். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வெள்ளிங்கிரியின் அம்மா கெம்பி பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு நஞ்சன் வீட்டுக்கு வந்திருக்கிறார். கும்பலைப் பார்த்த வனக்காவலர் ஒருவர், அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துத் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பிழைத்து வந்தவனை "நீ மட்டும் எப்படி வந்தாய்" என்று கேட்பதைவிடக் கொடுமை கிடையாது. அப்படிக் கேட்கப்பட்ட இரண்டு பேரை நான் கோவை நகரத்திலேயே பார்த்திருக்கிறேன். ஒருவர் இப்போது இல்லை.

அதனால் ஒரு கடிதம் எழுதினேன். நோயாளிக்குத் தற்கொலை அபாயம் இருப்பதால் சிகிச்சை முடியும்வரை இறந்தவரின் குடும்பத்தார் அவரைச் சந்திக்கவோ சம்பவம் பற்றிக் கேட்கவோ கூடாது. கீழே கையெழுத்து, அதற்குக் கீழே முத்திரை. ஒரு பிரதி வன அலுவலகத்துக்கு, ஒன்று பதியின் மூப்பனுக்கு, அதாவது அவர்கள் தலைவருக்கு. மாதக் கூட்டத்தில் திருமலைசாமி அந்தக் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டி, "நோயாளியைப் பாதுகாக்கறதுன்னா இப்படி இருக்கோணும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைப்பானேன்.

பிறகு சிகிச்சை தொடங்கியது. மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன், வரி கட்டுவதுபோல ஒழுங்காகச் செய்தார். சம்பவத்தை மெல்ல மெல்ல மறுபடி சொல்ல வைக்கும் முறை ஒன்று உண்டு, அதையும் செய்தேன். அதே மூன்று வாக்கியம் வந்தது. வினாத்தாள் மதிப்பெண்ணைப் பார்த்தால் கோயம்புத்தூரிலேயே நிம்மதியான மனிதர் அவர்தான். ஆனால் சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகிக்கொண்டே போனது. கன்னம் ஒட்டிவிட்டது. வாரத்துக்கு வாரம் ஆள் பாதியாகிக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பழங்குடி மக்களின் பண்பாட்டுக்கு ஏற்ற மனநலச் சேவை என்பது தலைப்பு. அவினாசி ரோட்டில் ஒரு ஓட்டலின் ஏசி ஹாலில் இரண்டு நாள். பழங்குடியினர் ஒருவர்கூட அங்கே இல்லை, படத்தில் மட்டும் இருந்தார்கள். நாற்காலி, மேசை, மூடிய கதவு இவையெல்லாம் அவர்களை மிரட்டும், இயற்கைச் சூழலில் பேசுங்கள் என்றார்கள். சான்றிதழும் கொடுத்தார்கள். அடுத்த புதன்கிழமை நான் நஞ்சனைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பாய் விரித்து உட்கார வைத்தேன். எறும்பு கடித்தது. எனக்கு முட்டி வலித்தது. நஞ்சன் என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு, "ஏனுங், உள்ளாரயே போயிரலாமுங்களா?" என்றார். அந்த மாதத்தில் அவராக எனக்குச் சொன்ன ஒரே யோசனை அது.

அவர் தனியாக இருக்கிறார் என்பது அப்போதுதான் பேச்சில் வந்தது. மனைவி மருதியும் மகள் அக்ஷயாவும் கெம்பி வீட்டில் இருந்தார்கள். ஒரே பதி, இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் இருநூறு அடி இருக்கும்.

"எதுக்குங்க அங்கே இருக்காங்க?"

"எங்க வழமைங்க."

"நீங்க போய்க் கூப்பிடலாமில்லீங்களா?"

"சேரிங்க" என்றார். போகவில்லை என்று அடுத்த வாரம் தெரிந்தது. மனைவியின் ஒத்துழைப்பு இல்லை என்று கோப்பில் எழுதினேன்.

மே மாதம் முதல் புதன்கிழமை அந்த ஒத்துழைக்காத மனைவியே என்னைத் தேடி வந்தார். பதியின் பள்ளிக்கூடத்துக்கு லீவு, அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நெடுநெடுவென்று ஒரு பெண் வாசலில் வந்து நின்றார்.

"டாக்டரம்மா நீதான?"

இருளர்கள் எல்லோரையும் நீ என்றுதான் சொல்வார்கள், கலெக்டரைக்கூட; வன அதிகாரிகளிடம் வேலை பார்த்த நஞ்சன்தான் ‘ங்க’ போடப் பழகியிருந்தார். வாங்க போங்க என்றே வளர்ந்த எனக்கு அது ஒவ்வொரு முறையும் சுருக்கென்றுதான் இருக்கும்.

"ஆமாங்க. உட்காருங்க."

"உக்கார வரல. நான் நஞ்சன் ஊட்டுக்காரி. மருதி. செத்துப்போன வெள்ளிங்கிரிக்கு அக்கா. எங்கம்மாளுக்கு நீ ஒரு காயிதம் அனுப்புனயே, அதைத் திருப்பி வாங்கிக்க."

"அது அவரோட நல்லதுக்குங்க."

"அவரு சோத்தத் தின்னு எத்தன நாளாச்சு தெரியுமா உனக்கு? தனியாப் பொங்கி நாய்க்குப் போட்டுட்டு இருக்காரு."

எனக்குத் தெரியாது. பசிக்குதுங்க என்ற பதிலுக்குப் பன்னிரண்டு வாரமாகக் கட்டத்தில் டிக் போட்டு வைத்திருந்தேன்.

மருதி நின்றபடியே சொன்னார். ஒருவர் இப்படி அகாலமாகப் போனால் கடைசியாகக் கூட இருந்தவரை இறந்தவர் வீட்டார் கேட்க வேண்டும். எங்கள் ஆள் எங்கே என்று, எல்லோர் முன்னாலும். அவர் சொல்ல வேண்டும். கேட்டு முடிந்ததும் அவர்கள் கையாலேயே அவருக்குச் சோறு போடுவார்கள். அதன்பிறகு அந்தச் சாவைப் பற்றி யாரும் அவரிடம் பேச்செடுக்கக் கூடாது. கேட்கும்வரை அவர் அந்த வாசலை மிதிக்க முடியாது. அந்த வீட்டில் பிறந்த பெண் அவருக்குச் சோறு போடவும் முடியாது.

"அதான் எங்கம்மா மூணா நாளே போச்சு. கார்டு தொரத்திட்டான். சேரி, அவன் கெடக்கறான்னு இன்னொரு நாள் போகலாம்னு இருந்தோம். அதுக்குள்ள உங்காயிதம் வந்திருச்சு. கேட்டா அவரு தூக்குல தொங்கிருவாருன்னு எழுதியிருந்ததாம். மூப்பன் படிச்சுக் காட்டுனாரு. எங்கம்மா அன்னிக்கிருந்து வாயத் தொறக்கல. ஒரு பையன் போய்ட்டான், மருமகனையும் கேட்டுக் கொல்லோணுமான்னு."

"கேட்கறப்ப திட்டுவாங்களா?"

"திட்டும். அடிச்சாலும் அடிக்கும்."

"அப்புறம்?"

மருதி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்புறம் சோறு போடும்னு இப்பத்தான சொன்னேன்?"

அவர் போன பிறகு கோப்பைத் திறந்து நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் என்ன செய்வோம்? எழவு கேட்கப் போவோம். ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டு, எப்படியாச்சு, கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்பார்கள். வீட்டுக்காரர்களும் நாற்பது தடவை சொல்வார்கள். என் அப்பா இறந்தபோது நானே சொல்லியிருக்கிறேன். கேட்காமல் போனவர்கள் யார் யார் என்று என் அம்மாவுக்கு இன்னமும் ஞாபகம் இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டுதான் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறேன். மலையில் இருப்பவர்கள் கேட்டால் மட்டும் அது மிரட்டல் என்று எனக்கு எப்படித் தோன்றியது?

திருமலைசாமியிடம் போனில் சொன்னேன். "ஏம்மா, அபாயம்னு எழுதுனது நீயி. இப்ப நீயே ஊர் கூடித் திட்டட்டும்னு உட்டுப்போட்டு, நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி. அவர் கெட்டவர் அல்ல. நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை, வேறு வழி தெரியாமல் சொன்னேன்.

நஞ்சனைப் பாலத்துக் கட்டையிலேயே போய்ப் பார்த்தேன். கடிதத்தைத் திரும்பப் பெறப்போகிறேன், உங்கள் மாமியார் உங்களைக் கேட்க வேண்டும் என்கிறார், உங்களுக்குச் சம்மதமா என்றேன். பிடிக்காவிட்டால் தயங்காமல் சொல்லலாம் என்றும் சொன்னேன். வழக்கமான சேரிங்க வரவில்லை. கட்டையிலிருந்து எழுந்து நின்றார்.

"எப்பங்க?" என்றார்.

பன்னிரண்டு வாரத்தில் தன் விஷயமாக அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலை வைத்தார்கள். நான் கூப்பிடப்படவில்லை. ஏதாவது ஆனால் ஓடிப்போக வேண்டுமே என்று பதிக்கு வெளியே வேனை நிறுத்திக் காத்திருப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் மருதி வந்து கரீமை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூட்டிப்போனார். எதற்கு என்று சொல்லவில்லை. கெம்பி வீட்டு வாசலில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூங்கில் படலுக்கு வெளியே நஞ்சன் நின்றிருந்தார். படலுக்கு உள்ளே கெம்பி. ஐம்பது வயதுகூட இருக்காது, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். நல்ல உடற்கட்டு. கண் மட்டும் குழிக்குள் போயிருந்தது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நஞ்சன் பக்கம் திரும்பினார்.

கெம்பி இருள பாஷையில் கேட்டார். பாதி எனக்கே புரிந்தது. மீதியை மருதி காதோடு சொன்னார்.

"எம்பையன் உங்கூட வந்தான். எங்கே?"

நஞ்சன் சொல்லத் தொடங்கினார். அந்த மூன்று வாக்கியத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அது வரவில்லை. ஓடைக்கு மேலே புதரில் சத்தம் கேட்டதிலிருந்து ஆரம்பித்தார். காற்று எந்தப் பக்கம் அடித்தது, யார் முன்னால் போனார்கள், வெள்ளிங்கிரி என்ன சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார் எல்லாம் வந்தது. யானை இறங்கி வந்ததும் இருவரும் ஓடியிருக்கிறார்கள். உண்ணிச்செடிப் புதரில் வெள்ளிங்கிரியின் கால் சிக்கிக்கொண்டது. நஞ்சன் பத்தடி முன்னால்.

"கூப்பிட்டானா?" என்றார் கெம்பி.

"கூப்பிட்டான். மாமா, கையக் குடுன்னான்."

"உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எத்தன தடவ?"

"ரெண்டு."

"திரும்புனயா?"

"திரும்பல. ஓடிட்டேன்."

கெம்பி படலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து அவரை அடித்தார். முகத்தில், தோளில், மார்பில். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். நான் எழுந்துவிட்டேன். மருதி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். யாரும் அசையவில்லை. நஞ்சன் கையைத் தூக்கித் தடுக்கவுமில்லை, தலையைக் குனியவுமில்லை. அடி நின்றதும் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"திரும்பியிருந்தா?" என்றார் கெம்பி.

"நானும் போயிருப்பேன்."

கெம்பி மகளைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். "ஆமா. ரெண்டு பேரையும் குடுத்திருப்பேன்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். இப்போது தமிழில் பேசினார்.

"நீ வா இங்க."

அதற்காகத்தான் என்னைக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நஞ்சன் பக்கத்தில் நின்றேன். பதினோரு வருடமாகக் கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. முப்பது பேருக்கு முன்னால் நின்று பதில் சொன்னது கிடையாது.

"மூணு மாசம் எங்களக் கேக்க உடாம வெச்சிருந்தயே, எதுக்கு?"

"அவருக்கு நல்லதுன்னு நெனச்சேனுங்க."

"அதக் கேக்கல. எழுதறதுக்கு முன்னால எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டயா?"

"இல்லீங்க."

"ஏன்?"

நடைமுறை, விதிமுறை, நோயாளியின் பாதுகாப்பு என்று நல்ல நல்ல சொற்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. எல்லாம் நஞ்சனின் மூன்று வாக்கியம் போலத்தான். பக்கத்தில் அவர் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அவர் உண்மையைச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க அவரை ஏதாவது பண்ணிப்போடுவீங்கன்னு பயந்தேனுங்க. உங்களப் பத்தி ஒண்ணும் தெரியாமயே பயந்தேன்."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. நோயாளிகள் முன்னால் அழக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகைக்காக அல்ல.

கெம்பி என்னை அடிக்கவில்லை, தேற்றவுமில்லை. "எம்பையன் எப்படிப் போனான்னு எனக்கு இன்னிக்குத்தா தெரியும்" என்றார். "போலீஸ்காரன் கேட்டுட்டான். டிவிக்காரன் கேட்டுட்டான். நீ வாராவாரம் கேட்ட. உங்களுக்கெல்லாம் இவன் என்னமோ ஒண்ணச் சொல்லி அனுப்பியிருக்கான். நெசத்த எனக்குன்னு வெச்சிருந்திருக்கான்."

நஞ்சனுக்கு அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு புதன்கிழமையும் நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கெம்பிக்கு யார் உட்கார்ந்திருந்தார்கள்? அவர் பெயரை நான் ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருக்கிறேன், தடுக்கப்பட வேண்டியவர் என்று.

"சேரி, உள்ள வாங்க ரெண்டு பேரும்" என்றார்.

ராகிக் களியும் கீரையும். கெம்பி தன் கையால் உருட்டி நஞ்சன் தட்டில் வைத்தார். அடுத்து என் தட்டில். மருதி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நஞ்சன் பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். நஞ்சன் முதல் வாயை விழுங்கச் சிரமப்பட்டார். இரண்டாவது வாய் இறங்கிவிட்டது. பிறகு குனிந்தபடி வேகமாகச் சாப்பிட்டார். சோறு போட்டுவிட்டால் அதைப் பற்றிய பேச்சு முடிந்தது, இனி யாரும் எடுக்கக் கூடாது என்று மருதி சொல்லியிருந்தார். கெம்பி மருமகன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு காலியாகும் சமயம் கெம்பியால் அடக்க முடியவில்லை.

"எப்படிக் கூப்பிட்டான்?" என்றார்.

மருதி, "அம்மா" என்றார். மூப்பன் தொண்டையைச் செருமினார். கெம்பி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

நஞ்சன் கையிலிருந்த களியைத் தட்டில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். "மாமா, கையக் குடு" என்று கூப்பிட்டார். அது அவர் குரல் இல்லை. ஒரு இளவட்டத்தின் குரல், இன்னும் பயம் ஏறாத குரல், கல் தடுக்கி விழுந்தவன் கூப்பிடுவதுபோல இருந்தது. கெம்பி காதைக் கொடுத்தபடி முன்னால் சாய்ந்திருந்தார்.

"இன்னொருக்கா" என்றார்.